ஏற்காட்டில் உட்கார்ந்துபோன கேக்: ஒரு பேக்கரிக் கிளையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்தில் இரண்டு தலைமுறையாக நடந்துவரும் ஒரு குடும்ப பேக்கரி, மே மாதக் கோடை விழாக் கூட்டத்தை மனதில் வைத்து ஏற்காட்டில் ஒரு கிளை திறந்தது. கீழிருந்து தினமும் சரக்கை வேனில் ஏற்றினால் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கி க்ரீம் கேக் உருக்குலைந்துவிடும். அதனால் மேலேயே ஓவன் போட்டுச் சுடுவது என்று முடிவானது. ஓவன் சேலம் கடையில் இருக்கும் அதே மாடல். மைதா, சர்க்கரை, மார்ஜரின், பேக்கிங் பவுடர் எல்லாம் சேலம் கிடங்கிலிருந்தே போயின.

சேலம் கடையின் மூத்த மாஸ்டர் கைப்பதத்தில் வேலை செய்பவர். கிளைக்குப் போனவர் அவரிடமே ஆறு வருடம் வேலை பழகிய இளைஞர். மாஸ்டர் இல்லாத இடத்தில் தரம் மாறக் கூடாது என்று முதலாளி எல்லாப் பக்குவங்களையும் தாளில் எழுத வைத்தார். எடை கிராமில், நேரம் நிமிடத்தில், சூடு டிகிரியில். பாகுக்கும் கேக்குக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கித் தந்தார். கவனமான ஏற்பாடு. சிக்கலும் அந்தத் தாளின் எண்களிலிருந்துதான் வந்தது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். நடுவில் ஏறும் 1,200 மீட்டர் காற்று, கீழே இருப்பவர்களின் தலைக்கு மேல் இருக்கிறது. மேலே இருப்பவர்களின் தலைக்கு மேல் இல்லை. வளிமண்டல அழுத்தம் சேலத்தில் ஏறக்குறைய 980 ஹெக்டோபாஸ்கல் என்றால் ஏற்காட்டில் 845 அளவில்தான். தாளில் இருந்த எண்கள் அத்தனையும் 980இல் பழகி எழுதப்பட்டவை.

முதல் வாரத்தில் தெரிந்தவை

முதலில் சிக்கியது ப்ளெயின் கேக். சேலம் தாளின்படி மைதா 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, மார்ஜரின் 800 கிராம், முட்டை 20, பால் 200 மில்லி, பேக்கிங் பவுடர் 25 கிராம், உப்பு 5 கிராம். மார்ஜரினையும் சர்க்கரையையும் 12 நிமிடம் அடிக்க வேண்டும், டின்னில் மூன்றில் இரண்டு பங்கு ஊற்ற வேண்டும், 180 டிகிரியில் 40 நிமிடம் சுட வேண்டும். ஏற்காட்டில் இதே கலவை ஓவனில் வைத்த 15ஆவது நிமிடமே டின் விளிம்பைத் தொட்டது. 25ஆவது நிமிடத்தில் மேடாக எழும்பி நின்றது. அதன்பின் நடுப்பகுதி கிண்ணம்போல் உள்வாங்கியது.

வெட்டிப் பார்த்தபோது விவரம் தெரிந்தது. மேல்பாகத்தில் பட்டாணி அளவுப் பொத்தல்கள், சில இடத்தில் இரண்டு மூன்று பொத்தல்கள் ஒன்றாகச் சேர்ந்து மேலே ஓடிய குழாய்கள். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஈரமான, களி போன்ற மஞ்சள் பட்டை. விரலால் அழுத்தினால் அந்தப் பட்டை எழும்பவில்லை, அமுங்கியபடியே நின்றது. ஓரங்கள் மட்டும் நன்றாக வெந்து, சர்க்கரை கூடியதுபோல் பிசுபிசுத்தன.

இரண்டாவது, உலர் தேங்காய்ப் பொடியில் செய்யும் பர்பி. தாளில் ‘பாகு 115 டிகிரி வந்ததும் இறக்கவும்’ என்று இருந்தது. சேலத்தில் அது தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும் உருட்டுப் பதம். ஏற்காட்டில் 115இல் இறக்கிய பாகு பொடியைப் போட்டுக் கிளறும்போதே இறுகியது. தட்டில் பரப்பி வில்லை போடுவதற்குள் வெடித்து உதிர்ந்தது.

மூன்றாவது ஒப்புட்டு. பூரணத்துக்குத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்த கடலைப் பருப்பு, சேலத்தில் ஆகும் நேரத்தைவிட வெகுநேரம் கழித்தும் நடுவில் கடித்தது.

கடலை மிட்டாய் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வந்தது. இந்த நிகழ்வு முழுவதிலும் மிக முக்கியமான தடயம் அதுதான். அப்போது யாரும் அதைத் தடயமாகப் பார்க்கவில்லை.

முதல் முடிவுகள்

கேக் அமுங்கினால் பேக்கரிக்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது பேக்கிங் பவுடரை. இங்கும் அதுவே நடந்தது. பவுடர் வீரியம் போய்விட்டது என்று கருதி 25 கிராமை 30 ஆக்கினார் இளைஞர். அடியில் ஈரம் நிற்கிறது என்பதால் நேரத்தை 40 நிமிடத்திலிருந்து 50 ஆக்கினார். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினார். கலவை டின்னைத் தாண்டி வழிந்து ஓவன் தரையில் கருகியது. கேக் முன்பைவிட ஆழமாக உள்வாங்கியது. ஓரம் ரஸ்க்காகக் காய்ந்தது.

காரணம் கண்டுபிடிக்கும் முன்பே கூட்டுவதும் குறைப்பதும் பேக்கரி வேலையில் சகஜம். ஆனால் இந்த இரு மாற்றங்களும் நேர் எதிர்த் திசையில் போனவை. பவுடர் உண்மையில் வீரியமாகவே இருந்தது. அரை கப் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி போட்டால் உடனே நுரைத்துப் பொங்கியது. அந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் 5 கிராம் கூடியிருக்காது.

அடுத்து ஓவன்மேல் சந்தேகம் வந்தது. தனி ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் வைத்துப் பார்த்ததில் 180க்கு 180 காட்டியது. ஓவன் சரி. பிறகு பழி கைத் தெர்மாமீட்டர்மேல் விழுந்தது. கேக் வெந்ததா என்று பார்க்க அதன் நடுவில் குத்தினால் 98 காட்ட வேண்டும் என்று தாளில் இருந்தது. எவ்வளவு நேரம் வைத்தாலும் 95, 96ஐத் தாண்டவில்லை. ‘ரீடிங் தப்பு’ என்று எழுதி அதை ஓரம் கட்டினார்கள்.

காரணம் பிடிபட்ட விதம்

முதலாளியின் அக்கா மகள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. கிளைக்கு வந்தவர் கேக்கைப் பார்க்கும் முன் அலமாரியில் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பார்த்தார். சேலத்தில் சீல் வைத்து வந்தவை எல்லாம் விறைப்பாக உப்பி நின்றன. உள்ளே அடைபட்ட காற்று சேலத்து அழுத்தத்தில் அடைபட்டது. வெளியே அழுத்தம் குறைந்ததும் விரியப் பார்க்கிறது. அழுத்தம் எத்தனை மடங்கு குறைகிறதோ வாயு அத்தனை மடங்கு விரியும் என்ற பாயில் (Boyle) விதிப்படி கணக்கிட்டால் 980ஐ 845ஆல் வகுக்க 1.16. பை இடம் கொடுத்தால் 16 சதவீதம் விரியும்.

“மாமா, தெர்மாமீட்டரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அதை ஐஸ்ல வெச்சுப் பாருங்க” என்றார்.

நொறுக்கிய ஐஸை டம்ளர் நிறையப் போட்டு, இடுக்கு நிரம்பும் அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் கலக்கி முனையை நடுவில் வைத்தார்கள். 0 காட்டியது. பிறகு தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில், பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பிடித்தார்கள். 95. தீயைக் கூட்டினார்கள், கொதி அதிகமானதே ஒழிய எண் ஏறவில்லை. அன்று மாலையே அதே தெர்மாமீட்டரைச் சேலத்துக்கு எடுத்துப்போய் அதே பாத்திரத்தில் பார்த்தார்கள். 99.

தண்ணீரின் ஆவி அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டும்போது கொதி வருகிறது. 95 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 845 ஹெக்டோபாஸ்கல். ஏற்காட்டுக் காற்றுக்கு அது போதும். சேலத்தில் 980ஐ எட்ட 99 வரை சூடேற வேண்டும். தெர்மாமீட்டர் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ஈரம் இருக்கும்வரை கேக்கின் நடுப்பகுதி அந்த ஊரின் கொதிநிலையை ஒட்டித்தான் நிற்கும். சர்க்கரை கரைந்திருப்பதால் ஓரிரு டிகிரி கூடலாம். ஏற்காட்டில் 98க்காகக் காத்திருந்தால் கேக் காய்ந்துபோகும். 10 நிமிடம் கூடுதலாகச் சுட்டபோது நடந்தது அதுவே.

16 சதவீதம் எப்படி இவ்வளவு பெரிய சேதம் செய்தது

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. காற்று 16 சதவீதம்தான் கூடுதலாக விரிகிறது என்றால் கேக்கும் அந்த அளவுக்குத்தானே கூடுதலாக எழும்ப வேண்டும்? டின்னைத் தாண்டி வழிந்தது ஏன்?

பதில் டால்டனின் பகுதி அழுத்த விதியில் இருக்கிறது. பேக்கரியில் வேலை செய்யும் எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கேக் கலவைக்குள் இருக்கும் குமிழில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று, அடிக்கும்போது புகுந்த காற்றும் பேக்கிங் பவுடர் விட்ட கார்பன் டை ஆக்சைடும். மற்றொன்று, சுற்றியுள்ள ஈரத்திலிருந்து குமிழுக்குள் புகும் நீராவி. வெளி அழுத்தத்தை இரண்டும் சேர்ந்து தாங்குகின்றன. நீராவியின் பங்கைச் சூடு மட்டுமே தீர்மானிக்கிறது. ஊர் எதுவாக இருந்தாலும் அது மாறாது. மீதியைத்தான் உலர் வாயு தாங்க வேண்டும்.

80 டிகிரியில் நீராவியின் பங்கு 474 ஹெக்டோபாஸ்கல். சேலத்தில் உலர் வாயுவுக்கு மிச்சம் 506, ஏற்காட்டில் 371. அதே அளவு வாயு ஏற்காட்டில் 1.36 மடங்கு இடம் பிடிக்கும். 90 டிகிரியில் நீராவி 701ஐ எடுத்துக்கொள்கிறது. சேலத்தில் மிச்சம் 279. ஏற்காட்டில் வெறும் 144. அப்போது குமிழ் ஏறக்குறைய இரு மடங்கு. சர்க்கரை கரைந்த கலவையில் ஆவி அழுத்தம் கொஞ்சம் குறையும் என்பதால் நடைமுறையில் அவ்வளவு வராது. ஒன்றரை மடங்குக்கு மேல் என்று கொள்ளலாம்.

இந்த வீக்கம் நடக்கும் நேரம்தான் ஆபத்தானது. முட்டையின் புரதமும் மைதாவின் ஸ்டார்ச்சும் இறுகிச் சுவராக நிற்பது, சர்க்கரை நிறைந்த கலவையில் 80 டிகிரியைத் தாண்டித்தான். சுவர் இறுகும் முன்பே குமிழ்கள் அளவுக்கு மீறி விரிந்தால் சவ்வு கிழிந்து ஒன்றோடொன்று சேரும், மேலே ஓடும், வாயு வெளியேறும். தாங்க ஆள் இல்லாத நடுப்பகுதி இறங்கிவிடும். கீழே நெரிந்த பகுதிதான் அந்த ஈரப் பட்டை. பவுடரைக் கூட்டியபோது கிழிசலும் கூடியது.

மாற்றிய தாள்

இந்த முறை ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக, ஒரு கிலோ மைதாவுக்குப் பதில் கால் கிலோ அளவில் செய்து பார்த்தார்கள்.

பேக்கிங் பவுடர் 25 கிராமிலிருந்து 20 ஆனது. மார்ஜரின், சர்க்கரை அடிக்கும் நேரம் 12 நிமிடத்திலிருந்து 9 ஆனது. அடித்துப் புகுத்தும் காற்றும் விரியும் காற்றுதான் என்பதை மறந்துவிட்டுப் பவுடரை மட்டும் குறைப்பவர்கள் உண்டு. இந்த இரண்டோடு நடுக்குழி பாதியாகக் குறைந்தது.

சர்க்கரை 1,000 கிராமிலிருந்து 930 ஆனது. இனிப்புக்காகச் செய்த குறைப்பு இல்லை இது. சர்க்கரை கூடினால் ஸ்டார்ச் இறுகும் சூடு மேலே போகும். ஈரம் சீக்கிரம் ஆவியாகும் ஊரில் மிச்சக் கலவையில் சர்க்கரையின் அடர்த்தியும் ஏறிக்கொண்டே போகும். 70 கிராம் குறைத்ததும் ஓரத்துப் பிசுபிசுப்பு போனது. வாடிக்கையாளர் யாரும் இனிப்பு குறைவு என்று சொல்லவில்லை.

முட்டை 20லிருந்து 22, பால் 200லிருந்து 260 மில்லி. முட்டை சுவரைப் பலப்படுத்த. பால், கூடுதலாக ஆவியாகும் ஈரத்தை ஈடுகட்ட. பாலை 300 மில்லி வரை கூட்டிப் பார்த்ததில் அடிப்பட்டை திரும்ப வந்தது, 260இல் நிறுத்தினார்கள்.

ஓவன் 180லிருந்து 190, நேரம் 40லிருந்து 34 நிமிடம். சுவர் சீக்கிரம் இறுக வேண்டும் என்பதற்காக இந்த 10 டிகிரி. மூத்த மாஸ்டர் இதை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. மேல்பாகம் கருகும் என்றார். மேல்சூட்டை மட்டும் 180இல் வைத்து, அடிச்சூட்டை 190 ஆக்கிப் பார்த்ததில் அடி வெந்தும் மேலே வெளுத்தும் வந்தது. பிறகு இரண்டையும் 190 ஆக்கினார்கள். மேல்நிறம் சரியாக வந்தது. டின்னில் ஊற்றுவது மூன்றில் இரண்டு பங்கிலிருந்து பாதிக்குச் சற்று மேல் என்று ஆனது. வெந்ததற்கு அடையாளம், குச்சி ஒட்டாமல் வருவதும் தெர்மாமீட்டர் 94ஐத் தொடுவதும்.

பாகும் பதமும்

பர்பிக்குத் தீர்வு ஒரே வரி. 115ஐ 111 ஆக்கினார்கள். ஆனால் அந்த வரியின் காரணம் தெரியாமல் மாற்றினால் அடுத்த கிளையில் மறுபடி தவறும்.

சர்க்கரைப் பாகு தண்ணீரைவிட அதிகச் சூட்டில் கொதிக்கும். கரைந்திருக்கும் சர்க்கரை நீரை ஆவியாகவிடாமல் இழுத்துப் பிடிப்பதால் வரும் கொதிநிலை ஏற்றம் அது. எவ்வளவு கெட்டியோ அவ்வளவு ஏற்றம். ஆக, பாகு எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது 115 என்ற எண் இல்லை. அந்த ஊர்த் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான். சேலத்தில் 115 என்றால் 99க்கு மேல் 16. ஏற்காட்டில் 115 என்றால் 95க்கு மேல் 20. மெத்தென்ற உருட்டுப் பதத்தைத் தாண்டிக் கெட்டி உருட்டுப் பதத்துக்கு அது போய்விட்டது. சர்க்கரை 85 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 87ஐத் தாண்டியிருக்கும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்; பர்பி வெடிக்க அது போதும்.

இப்போது கடலை மிட்டாய். அதற்குத் தாளில் டிகிரி எழுதவே இல்லை. வெல்லத்தில் சர்க்கரையோடு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், தாது உப்புகள் எல்லாம் மண்டிக்கு மண்டி, மூட்டைக்கு மூட்டை மாறும். டிகிரியை நம்ப முடியாது என்பதால் மூத்த மாஸ்டர் கைப்பதத்தையே எழுதச் சொல்லியிருந்தார். வறுத்து உடைத்த கடலை 1 கிலோவுக்கு வெல்லம் 600 கிராம். பாகை ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். ஒடித்தால் வளையாமல் ஒடிய வேண்டும். இந்தச் சோதனை பாகின் கெட்டித்தன்மையை நேராகப் பார்க்கிறது. அதில் காற்றழுத்தத்துக்கு இடமே இல்லை. சேலத்திலும் ஏற்காட்டிலும் ‘டங்’ ஒன்றுதான்.

கைப்பதம் பழைய முறை, தெர்மாமீட்டர் நவீன முறை என்று பிரித்துப் பேசுவது வழக்கம். இந்த நிகழ்வில் இரண்டும் அளந்தது வேறு வேறு பொருளை. விரலும் தண்ணீர்க் கிண்ணமும் பாகை அளந்தன. தெர்மாமீட்டர் பாகையும் ஊரையும் சேர்த்து அளந்தது. ஊரின் பங்கைக் கழித்துவிட்டால் தெர்மாமீட்டர் எல்லோருக்கும் கைகொடுக்கும். அதனால் புதிய தாளில் ‘115’ எடுக்கப்பட்டு, ‘கொதிநீருக்கு மேல் 16’ என்று எழுதப்பட்டது. பக்கத்திலேயே தண்ணீர்க் கிண்ணச் சோதனையும் எழுதப்பட்டது. இரண்டும் ஒத்துப்போகாத நாளில் கிண்ணம் சொல்வதே முடிவு என்று மூத்த மாஸ்டர் சேர்க்கச் சொன்னார். சரியான சேர்க்கை.

பருப்பும் பன்னும்

ஒப்புட்டுப் பருப்பைக் குக்கருக்கு மாற்றியதோடு அந்தச் சிக்கல் முடிந்தது. குக்கரின் வெயிட் வெளி அழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு வளிமண்டல அழுத்தத்தைச் சேர்த்துப் பிடிக்கிறது. உள்ளே சேலத்தில் 120 டிகிரி என்றால் ஏற்காட்டில் 118. நான்கு டிகிரி இடைவெளி இரண்டாகச் சுருங்குவதோடு, 95இல் வேகாத பருப்புக்கு 118 தாராளம்.

பன் மாவில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. அழுத்தம் குறைவு என்பதால் மாவு சீக்கிரம் உப்பும். குளிர் என்பதால் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும். ஒன்றை ஒன்று ஈடுகட்டியது. நேரம் பார்க்காமல், மாவு இரட்டிப்பானதா என்று பார்த்துத் தட்டில் வைக்கிறார்கள்.

விளைவு

கோடை விழா தொடங்கும் முன் ப்ளெயின் கேக்கும் பர்பியும் நிலைக்கு வந்தன. புதிய கேக்கின் வெட்டுமுகத்தில் பொத்தல்கள் கடுகு அளவில் சீராக இருக்கின்றன, அடிப்பட்டை இல்லை. சேலத்துக் கேக்கைவிட அரை விரற்கடை உயரம் குறைவு. பவுடரை 21, 22 என்று ஏற்றி அந்த உயரத்தைப் பிடிக்கப் பார்த்தார்கள். உயரம் வந்தது, நடுக்குழியும் எட்டிப் பார்த்தது. 20லேயே நிற்பது என்று விட்டுவிட்டார்கள். குறைந்த உயரத்தில் உறுதியாக நிற்கும் கேக்கே விற்பனைக்கு நல்லது.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

எந்தப் புதிய கிளையிலும் அடுப்பு பற்றவைக்கும் முதல் நாளே தெர்மாமீட்டரை ஐஸிலும் கொதிநீரிலும் வைத்துப் பார்த்து, கொதிநீர் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். உயரம் 300 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். மழை, வெயில் என்று வானிலையால் அழுத்தம் மாறுவது இதோடு ஒப்பிட்டால் அற்பம். தினமும் அளக்கத் தேவையில்லை.

ஒரு தொகுதிக்கு ஒரு மாற்றம் மட்டும். பவுடரையும் நேரத்தையும் ஒன்றாக மாற்றிய அந்த நாளில் எது என்ன செய்தது என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போனது. தப்பாக வந்த பண்டங்களை மட்டும் ஆராயாமல், சரியாக வந்த பண்டம் ஏன் சரியாக வந்தது என்றும் கேட்டிருக்க வேண்டும். கடலை மிட்டாயைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஆசிரியை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

முடியாத வேலை ஒன்று இருக்கிறது. பனிமூட்ட மாதங்களில் ஏற்காட்டில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது. ஈரம் அநேகமாகப் போய்விட்ட கடலை மிட்டாய்ப் பாகு, திறந்து வைத்த ஜாடியில் அந்த ஈரத்தை இழுத்து ஒரே நாளில் பிசுபிசுக்கிறது. சூடு தணிந்து கைபொறுக்கும் பதத்திலேயே 100 கிராம் பாக்கெட்டுகளாகச் சீல் வைத்துப் பார்க்கிறார்கள். முழுக்க ஆறும் முன் சீல் வைத்தால் உள்ளே நீர் கோக்கிறது; ஆறிய பின் வைத்தால் அதற்குள் மேல்பரப்பு ஈரம் பிடிக்கிறது. ஓவனுக்குப் பக்கத்தில், காற்று உலர்ந்திருக்கும் மூலையில் ஒரு மூடிய அலமாரி அமைத்து அதற்குள் ஆறவைக்கும் முயற்சி இப்போது நடக்கிறது.